பொலித்தீன் கழற்றாத மூன்றாம் வரிசை

1

2019 ஒக்டோபர் 12, சனிக்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். வெளியே நான்கு பாகை. கேத்தலை அடுப்பில் வைத்தேன். சனிக்கிழமை என்பதால் முதலில் வெள்ளைத் துணி, பிறகு நிறத் துணி என்று இயந்திரத்தில் போட்டேன். 7.15க்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும். என் கணவர் சிவநேசன் மூன்று ரொட்டி சாப்பிட்டார், நான் இரண்டு. மகள் மிதுனா ரொட்டியைத் தொடவில்லை. குளிர்ந்த பாலில் சோளப்பொரியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. 9.30க்கு நாங்கள் மூன்று பேரும் புதிய வாகனம் பார்க்கப் புறப்படுவதாக ஏற்பாடு.

எங்கள் வண்டிக்கு இன்றோடு ஒன்பது வயது. 2010 ஒக்டோபர் 12, செவ்வாய்க்கிழமை அதை வாங்கினோம். பன்னிரண்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன், அதனால் இப்படியான நாட்கள் எனக்குத் தவறுவதில்லை. டொரன்டோவுக்குக் கிழக்கே இந்தச் சிறு நகரத்தில் அப்போது எங்கள் வீட்டில் மூன்று பேர். இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் என் அண்ணன் வீட்டில் நான்கு பேர்: அண்ணன் சந்திரன், அண்ணி, ஒரு மகள், ஒரு மகன். மூன்றும் நான்கும் ஏழு. ஆகவே ஏழு இருக்கை உள்ள வண்டியாக வாங்கினோம். அவர்கள் வந்ததும் எல்லோரும் ஒன்றாக ஏறி நயாகரா போவது என்பது என் திட்டம்.

அவர்கள் வரவில்லை. மூன்று தடவை விசாவுக்கு எழுதினோம், மூன்று தடவையும் மறுத்துவிட்டார்கள். இப்போது வண்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அடுத்தது ஐந்து இருக்கையா, ஏழு இருக்கையா என்பதுதான் இரண்டு மாதமாக எங்கள் வீட்டுப் பேச்சு. சிவநேசனுக்கு அது வாகனம் பற்றிய கேள்வி. எனக்கு அண்ணன் வருவாரா மாட்டாரா என்ற கேள்வி. ஐந்து என்று சொல்லிவிட்டால், வரமாட்டார் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும்.

“இஞ்ச பாரும்,” என்றார் சிவநேசன். அவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். இருபத்திரண்டு வருடம் என்னோடு இருந்தும் அவருடைய பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை, என்னுடையதும் மாறவில்லை. “நாங்கள் மூண்டு பேர். வாற வருசம் பிள்ளை படிக்கப் போனால் ரெண்டு பேர். ரெண்டு பேருக்கு ஏழு சீற்றோ? பஸ் ஓடப் போறமோ?”

“அண்ணன் வந்தா?”

“கொண்ணன்ர மகள் கலியாணம் கட்டிப் போட்டுது. பெடியன் கட்டாருக்குப் போட்டான். இனி வந்தாலும் அவையள் ரெண்டு பேர்தானே. மூண்டும் ரெண்டும் அஞ்சு.”

கணக்கு சரி. அந்தக் கணக்கைப் போடாமல் நான்தான் பல மாதமாகத் தவிர்த்து வந்தேன்.

“பின்னால நடு சீட்டுல யாரு உக்காருறது?” என்று கேட்டேன்.

“நான் இருக்கிறன்.”

“அப்ப யாரு ஓட்டுறது?”

“நான்,” என்றாள் மிதுனா, தொலைபேசியிலிருந்து தலை தூக்காமல்.

2

எங்கள் அப்பாவுக்குக் கண்டி நகரத்தில் இரும்புச் சாமான் கடை. ஆணி, பூட்டு, வாளி, பெயின்ட், தும்புக் கயிறு. சரக்கு ஏற்ற ஒரு சாம்பல் நிற வேன் வைத்திருந்தார். முன்னால் இரண்டு இருக்கை. பின்னால் தகரத் தரை மட்டும்தான், யன்னல்கூடக் கிடையாது. முன் இருக்கைகளுக்குப் புதிதாக ரெக்சீன் தைத்துப் போட்ட அப்பா, அது பழுதாகிவிடும் என்று அதன்மேல் பொலித்தீன் உறை போட்டார். அந்த உறையை அவர் கடைசிவரை கழற்றவில்லை. வெயில் நாளில் அதில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் எங்கள் குடும்ப வாகனமாகும். கலஹாவில் பெரியம்மா இருந்தார். பெரியப்பா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். கடையில் வாடிக்கையாளர் உட்காரும் இரண்டு மர வாங்குகளைத் தூக்கி வேனுக்குள் எதிரெதிராக வைப்பார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. முன்னால் அப்பாவும் சித்தப்பாவும். பின்னால் இடது வாங்கில் அம்மாவும் சித்தியும். வலது வாங்கில் நானும் சித்தியின் பிள்ளைகள் இரண்டு பேரும். நடுவில் தரையில் அண்ணன்.

எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்குப் பதினேழு. அந்த வயதிலேயே ஆறடி. ஒரு வாங்கின் காலில் முதுகைச் சாய்த்து, குறுக்கே காலை நீட்டி, எங்கள் வாங்கின் காலில் பாதத்தை வைத்துக்கொள்வார். பேராதனை தாண்டியதும் ஏற்றமும் வளைவும் தொடங்கும். முன்பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் மட்டும். பெயின்ட் நாற்றம். வாந்தி வராமல் முகர என் கையில் ஒரு தேசிக்காய். கீழே கால் வைக்கலாம் என்று பார்த்தால் அண்ணனின் கால்.

“அப்பா, அண்ணன் கால மடக்க மாட்டேங்குறாரு!”

“டேய் சந்திரா, கால மடக்குடா. புள்ளைங்களுக்கு எடம் விடு.”

“மடக்குனா வலிக்குதுப்பா.”

“பதினேழு வயசுல என்னடா கால் வலி, கெழவனாட்டம்?”

சித்தி சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார். அண்ணன் காலை மடக்கவும் மாட்டார். 1980 யூன் 8, ஞாயிறு என்று தேதி போட்டு என் முதலாவது நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: “கலஹா போனோம். அண்ணன் வழக்கம்போல் காலை நீட்டி முழு இடத்தையும் பிடித்துக்கொண்டார். அப்பா திட்டியும் கேட்கவில்லை. இரண்டு தடவை வாந்தி.”

ஏழு இருக்கை வண்டி வாங்கியபோது நான் நினைத்தது இதைத்தான். அண்ணன் இங்கே வரும்போது, தனக்கென்று ஒரு இருக்கையில், யாரும் திட்டாமல் கால் நீட்டி உட்காரவேண்டும்.

3

படிவங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். என் அப்பா அந்த வேனின் முன் பெட்டிக்குள் தன்னுடைய பிரஜாவுரிமைச் சான்றிதழின் பிரதியை எப்போதும் வைத்திருப்பார். வழியில் மறிக்கிற பொலிஸ்காரர் லைசென்ஸைக் கேட்டால், அதோடு சேர்த்து இதையும் நீட்டுவார். “அவரு கேக்கவே இல்லியேப்பா” என்பேன். “கேக்குறதுக்கு முன்னாடி குடுத்துடணும்” என்பார். எங்களைப் போன்ற இந்திய வம்சாவளி ஆட்கள் அந்தக் காகிதத்துக்கு எத்தனை வருடம் நடந்தார்கள் என்பது கண்டியில் இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

படிவங்களை நிரப்புவதில் நான் அப்பாவின் மகள். 2011, 2014, 2018 மூன்று தடவையும் அண்ணனுக்காக நானே நிரப்பினேன். கேட்டதையும் இணைத்தேன், கேட்காததையும் இணைத்தேன். இதற்கு முன் போன நாடுகள் என்று ஒரு கட்டம். அண்ணன் திருச்சிக்கு ஒரு தடவை போயிருக்கிறார், அவ்வளவுதான். சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று இன்னொரு கட்டம். அப்பாவின் கடையை அண்ணன்தான் நடத்துகிறார். ஒரு வாரம் அதைப் பூட்டியதாக எனக்கு நினைவில்லை. அவரை இங்கே மூன்று வாரம் இருக்கவைப்பதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கடை இருப்பதற்கு அத்தாட்சியாகப் படம் அனுப்பச் சொன்னேன். கடை வாசலில் நின்று, அன்றைய பத்திரிகையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பினார். தேதி தெரியட்டும் என்று அவரே யோசித்துச் செய்தது. சிவநேசன் பார்த்துவிட்டு, “கொண்ணனை ஆரோ கடத்தி வச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். அந்தப் படத்தையும் இணைத்தேன்.

நான் கண்டிக்குக் கடைசியாகப் போனது 2007இல், அப்பாவின் காரியத்துக்கு. இந்தக் கனேடியக் கடவுச்சீட்டோடு நான் அங்கே போக ஒரு சின்னப் படிவம் போதும். ஆனால் அண்ணன் முதலில் இங்கே வந்து போகட்டும், அதன்பிறகு நாம் போகலாம் என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன். அப்படிப் பன்னிரண்டு வருடம் போய்விட்டது.

4

9.30க்குப் புறப்பட்டு 9.55க்கு வாகனக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். மிதுனாதான் ஓட்டினாள்.

என்னிடம் ஒரு கொப்பியும் அளவு நாடாவும் இருந்தன. நாடா அப்பாவின் கடைச் சரக்கு. 1997இல் நான் கனடா வந்தபோது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தது. இன்னும் சுருள் நன்றாக இழுக்கிறது. கொப்பியில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பக்கம். நிலத்திலிருந்து படி எவ்வளவு உயரம், ஏனென்றால் அண்ணி சேலைதான் கட்டுவார். இருக்கை எவ்வளவு உயரம். முழங்காலுக்கு முன்னால் எவ்வளவு இடம். தலைக்கு மேல் எவ்வளவு. தோளுக்குத் தோள் எவ்வளவு. நடுவில் உட்காருகிறவருக்குப் பாதம் வைக்க இடம் உண்டா, அல்லது தரையில் மேடு இருக்கிறதா. நானே அளந்ததை நீல மையிலும், விளம்பரப் புத்தகத்திலிருந்து எடுத்ததைச் சிவப்பு மையிலும் எழுதுவேன்.

வாகனம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன் இருக்கையைக் காலியாக முன்னுக்குத் தள்ளிவைத்துவிட்டுப் பின்னால் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். அப்படிப் பார்த்தால் எந்த வண்டியும் மாளிகைதான். உங்கள் வீட்டில் உயரமானவரை முன்னால் உட்காரவைத்து, அவர் கால் நீட்டி ஓட்டுகிற மாதிரி இருக்கையைப் பின்னுக்கு இழுத்து, அதற்குப் பிறகு நீங்கள் அவருக்குப் பின்னால் உட்காரவேண்டும். சிவநேசன் ஒவ்வொரு வண்டியிலும் முன்னால் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறி அளந்தேன்.

“என்ர முதுகையும் அளக்கிறீரோ?”

“அசையாதீங்க. எட்டரை அங்குலம்.”

விற்பனையாளர் இளைஞர், பொறுமைசாலி. நான் பழக்கதோஷத்தில் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். அவர் விழித்தார். இருபத்திரண்டு வருடமாகியும் வாகனம் என்று வந்தால் எனக்குக் கண்டி வார்த்தைதான் முதலில் வருகிறது. மிதுனா இங்குள்ள வார்த்தையைச் சொன்னதும் திறந்தார்.

ஏழு இருக்கை வண்டி ஒன்றின் பக்கத்தில் வந்து நின்றோம். முதலாம், இரண்டாம் வரிசைகளை அளந்து எழுதினேன். மூன்றாம் வரிசைக்கு விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து சிவப்பு மையில் எழுதத் தொடங்கினேன். இளைஞர் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

“பின் வரிசையில் யார் உட்காருவார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“என் அண்ணன்.”

“உயரம்?”

“ஆறடி.”

அவர் நடு இருக்கையை மடித்து வழிவிட்டு, “ஒரு தடவை நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்” என்றார்.

நான் ஐந்தடி இரண்டு அங்குலம். குனிந்து, பக்கவாட்டாக நுழைந்து, ஒரு கையால் கூரையைப் பிடித்து உட்கார்ந்தேன். இருக்கை தரையோடு தரையாக இருந்தது. என் முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. பாதம் நுழைய முன் இருக்கைக்குக் கீழே இடமில்லை. தலைக்கு மேல் ஒன்றரை அங்குலம். நாடாவை விரிக்கவே இடம் போதாமல், மடித்துப் பிடித்து அளந்தேன்.

அப்படி இருந்தபடியே கேட்டேன், “எல்லா வண்டியிலும் மூன்றாம் வரிசை இப்படித்தானா?”

“இந்த அளவு வண்டிகளில் அநேகமாக இப்படித்தான். உங்கள் வண்டியும் இதே அளவுதானே?”

அதே அளவுதான். 2010ஆம் வருடத்துக் கொப்பியும் வீட்டில் இருக்கிறது. அதிலும் மூன்றாம் வரிசையின் எண்கள் எல்லாம் சிவப்பு. நானாக உட்கார்ந்து அளக்கவில்லை. வாங்கிய பிறகும் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்பதை அடுத்த பத்தாவது நிமிடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் வண்டியின் நிலையைப் பார்க்க வந்த இன்னொரு ஊழியர் பின் கதவைத் திறந்தார். அப்படியே நின்றார். பிறகு அடுத்த மேசையில் இருந்தவரையும் கூப்பிட்டார்.

மூன்றாம் வரிசையில், தொழிற்சாலையில் போட்ட பொலித்தீன் அப்படியே இருந்தது. அண்ணன்தான் முதலில் உட்காரவேண்டும் என்று நான் கழற்றாமல் வைத்தது. மூலைகள் மஞ்சளாகியிருந்தன. குளிரில் கைபட்டால் சரசரவென்று சத்தம்.

“ஒன்பது வருடம் ஒருவரும் இதில் உட்காரவில்லையா?” என்று அந்த ஊழியர் கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

“விருந்தாளிக்காக வைத்திருந்தோம்,” என்றேன்.

சிவநேசன் வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பார். இன்று கதவை மெதுவாகச் சாத்தினார்.

5

ஒன்றையும் முடிவு செய்யாமல் திரும்பினோம். மிதுனா ஓட்டினாள், அவளுக்குப் பக்கத்தில் சிவநேசன், பின்னால் நான். அவள் வீட்டில் பேசும் தமிழில் பாதி அப்பாவுடையது, பாதி என்னுடையது, மீதி ஆங்கிலம். மீதியை நான் தமிழாக்கி எழுதுகிறேன்.

“அம்மா, ஒண்டு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“எனக்கு எட்டு வயசா இருக்கேக்க அந்த சீட் எனக்குச் சரியா இருந்திருக்கும்.”

சிவப்பு விளக்கு. அவள் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை தரம் கேட்டேன் தெரியுமா? பின்னால ஏறி இருக்கிறேன்னு. ‘அது மாமாவோட சீட்டு, தொடாத’ன்னு சொல்லுவீங்க. என்ட ஒன்பதாவது பர்த்டேக்கு நீச்சல் குளம் போனம். நாங்க அஞ்சு பேர். ரெண்டு பேரை வேற கார்ல அனுப்பினீங்க. பின்னால ரெண்டு சீட் சும்மா இருந்துது.”

“பிள்ளை, அதை இப்ப ஏன்…” என்று சிவநேசன் தொடங்கினார்.

“இல்ல, அவ சொல்லட்டும்,” என்றேன்.

“அவ்வளவுதான். சொல்லி முடிச்சிட்டேன்.” விளக்கு பச்சையானது. “மாமா மேல எனக்குக் கோவம் இல்ல. மாமாவுக்குத் தெரியவே தெரியாதே.”

வீட்டுக்கு வந்ததும் அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பிறந்தநாள். நீச்சல் குளம். ஐந்து பிள்ளைகள், இரண்டு வாகனம். கேக்கில் சீனி கொஞ்சம் அதிகம். இவ்வளவும் எழுதியிருக்கிறேன். ஏன் இரண்டு வாகனம் என்பது அதில் இல்லை.

6

இரவு 8.30க்கு அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே ஞாயிறு காலை ஆறு மணி. அந்த நேரத்தில் அவர் வாசலில் கதிரையைப் போட்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பார். வீடு கொழும்பு வீதியோரம். பேச்சுக்கு நடுவே பஸ் ஹோர்ன் கேட்டுக்கொண்டே இருக்கும்.

“என்னா தங்கச்சி, வண்டி வாங்கியாச்சா?”

“இல்லண்ணே. பின் சீட்டுல உக்காந்து பாத்தேன்.”

“எந்தப் பின் சீட்டு?”

“ஒங்களுக்குன்னு வெச்சிருந்தது. நீங்க உக்காந்தா முழங்கால் காது வரைக்கும் வரும்.”

பொலித்தீன் கதை முழுவதையும் சொன்னேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். “ஒம்பது வருசமா? அப்பா பெத்த புள்ளதான் நீ. எனக்கு எதுக்குடா சீட்டு? நான் தரையிலயே வந்தவன்தானே.”

“ஆமா, கால நீட்டி எடத்தையெல்லாம் புடிச்சிக்கிட்டு வருவீங்க.”

மறுபக்கத்தில் ஒரு பஸ் போனது.

“நெசமாவே அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்கியா?”

“வேற என்னா?”

“அந்த வாங்கு ரெண்டும் சும்மா தூக்கி வெச்சதுதானே தங்கச்சி. கீழ தகரம். வளைவுல வழுக்கிக்கிட்டுப் போகும். அதான் அம்மா வாங்குக்கு முதுகக் குடுத்து, ஒங்க வாங்குக்குக் காலக் குடுத்து முட்டுப் போட்டுக்கிட்டு வருவேன். மடக்குனா நீங்க மூணு பேரும் அம்மா மடியில.”

நான் தொலைபேசியோடு உள்ளே போய் 1980ஆம் வருடத்துக் கொப்பியை எடுத்தேன். யூன் 8க்கு நான்கு பக்கம் தள்ளி, யூலை 6, ஞாயிறு. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்: “அண்ணனுக்கு டியூஷன், வரவில்லை. கால் வைக்க நல்ல இடம். அப்பா இன்று மிக வேகமாக ஓட்டினார். வளைவில் வாங்கு சரிந்து எல்லோரும் விழுந்தோம். சோறு கொட்டிவிட்டது.”

“பாவம் அப்பா,” என்றார் அண்ணன். “அவரு எந்தக் காலத்துல வேகமா ஓட்டுனாரு? மாட்டு வண்டி முந்திக்கிட்டுப் போகும்.”

“ஏன்ணே சொல்லல? அவ்வளவு திட்டு வாங்கினீங்களே.”

“சொன்னா அப்பா அந்த வாங்கு ரெண்டையும் ஆணி அடிச்சி எறுக்கியிருப்பாரு. திங்கக்கெழம சரக்கு ஏத்த அதப் புடுங்கணும். யாரு புடுங்குறது? நான்தான். அதுக்குக் கால நீட்டிக்கிட்டே வந்துடலாம்னு விட்டுட்டேன்.” கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. “அம்மாவுக்குத் தெரியும்.”

நாற்பது வருடம் நாட்குறிப்பு எழுதுகிற எனக்கு, நான்கு பக்க இடைவெளியில் இருந்த இரண்டு குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

“நாலாவது தடவ எழுதலாமாண்ணே?” என்று கேட்டேன். “இந்தத் தடவ வேற மாதிரி…”

“வேணாம் தங்கச்சி.” கோபமில்லாமல்தான் சொன்னார். “பேப்பரப் புடிச்சிக்கிட்டு ஃபோட்டோவுக்கு நின்னு நின்னு, கடைக்கு வர்றவங்கெல்லாம் எந்தத் தேர்தல்ல நிக்கிறீங்கன்னு கேக்குறாங்க. நான் வரணும்னு நீ காத்துக்கிட்டு இருந்தா, நீயும் வராம நானும் வராம ரெண்டு பேருக்கும் வயசு போயிடும். நீ வா. எங்கிட்ட இப்ப டொல்பின் வேன் இருக்கு. முன் சீட்டு ஒனக்கு. வாந்தி வந்தாலும் பரவால்ல, யன்னல் பெருசு.”

டொல்பின் என்பது அங்கே அந்த உயரமான ஜப்பான் வேன்களுக்கு எல்லோரும் வைத்த பெயர். வாயில் வந்ததைக் கேட்டேன்.

“முன் சீட்டு எவ்வளவு ஒசரம்?”

“இரு.”

செருப்புச் சத்தம். வேன் கதவு திறக்கும் சத்தம். நாடா இழுபடும் கிர்ரென்ற ஓசை. பிறகு அண்ணியின் குரல்: “காலங்காத்தால வேனுக்குள்ள என்னாத்த அளக்குறீங்க?”

“தங்கச்சி உக்காரணும். நீ அந்த நுனியப் புடி.”

அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். நிலத்திலிருந்து படி பதினாறு அங்குலம். முழங்காலுக்கு முன்னால் பதினொன்று. தலைக்கு மேல் ஏழு. “படி ஒசரமா இருந்தா ஒரு பலக போட்டுத் தர்றேன்” என்றார். “ஆணி அடிச்சா?” என்று கேட்டேன். “அடிச்சே தர்றேன்” என்றார். அளந்தது நான் இல்லை, ஆனால் புத்தகத்திலிருந்து எடுத்ததும் இல்லை. கொஞ்சம் யோசித்து, நீல மையிலேயே எழுதினேன்.

தொலைபேசியை வைத்ததும் சிவநேசன் கேட்டார், “எப்ப போறீர்?”

“டிசம்பர்ல. புள்ளைக்கு லீவு விட்டதும்.”

“என்னையும் கூட்டிக்கொண்டு போவீரோ? முன் சீற்று உமக்கெண்டு கேட்டுது.”

“பின்னால வாங்கு போடுவாங்க.”

“அப்ப நான் தரையில இருக்கிறன்,” என்றார். பிறகு, “அஞ்சு சீற் காணும்தானே?” என்றார்.

“போதும்,” என்றேன்.

7

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை 6.40க்கு எழுந்ததும் முதலில் செய்த வேலை, கேத்தலைக்கூட வைக்காமல், கத்தரிக்கோலோடு வாசலுக்குப் போய் வண்டியின் பின் கதவைத் திறந்தது. பொலித்தீன் லேசில் வரவில்லை. மடிப்புகளில் ஒட்டியிருந்தது. கீழே இருந்த துணி, வாங்கிய அன்று இருந்த அதே நிறம். புதுவண்டி வாசனை ஒன்று வந்து, நான் இரண்டு தடவை மூச்சு இழுப்பதற்குள் போய்விட்டது.

சரசரப்பு மாடிக்குக் கேட்டிருக்கவேண்டும். மிதுனா இரவு உடுப்போடு, அப்பாவின் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். மறுபக்கத்து இருக்கையின் பொலித்தீனை இழுத்துக் கழற்றினாள். பிறகு நடு இருக்கையை மடித்து, அவளுடைய ஐந்தடி ஏழு அங்குலத்தையும் எப்படியோ உள்ளே செலுத்தி, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

“பால் முடிஞ்சுதுதானே அம்மா? போவம்.”

நான் ஓட்டினேன். முதலாவது திருப்பத்தில் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு முழங்கால்களும், அவற்றின் நடுவே அவள் முகமும்.

“எப்படி இருக்கு?”

“முழங்கால் மூக்கில முட்டுது.”

“நிப்பாட்டவா? முன்னால வர்றியா?”

“வேணாம்,” என்றாள் மிதுனா. “நீங்க ஓட்டுங்க.”